உணவில் விருப்பும் வெறுப்பும்

ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு நாம் வெளியே வரும்போது, ஒரு சகோதரர் நம்மைத் தனியே அழைத்தார். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கடை நடத்தி வருபவர். நாற்பது வயதைத் தாண்டியவர். அவருடைய முகம் வாடியிருந்தது. “ஹழ்ரத்! ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்று தொடங்கினார்.

2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள் அல்லவா? அந்தக் கேழ்வரகு அவர் வீட்டுக்கும் வந்திருக்கிறது. வயது முதிர்ந்த அவருடைய தாயார், “எத்தனை நாளாயிற்று களி சாப்பிட்டு! கொஞ்சம் கிண்டிக் கொடு, தாயே” என்று மருமகளிடம் ஆசையாகக் கேட்டிருக்கிறார். மருமகளும் களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருக்கிறார். கடையிலிருந்து களைத்து வந்த நம் சகோதரர் தட்டில் களியைப் பார்த்ததும் கோபம் பொங்கித் தட்டைத் தள்ளிவிட்டார். “இந்தக் களி இனி எனக்கு ஹராம்!” என்றும் சொல்லிவிட்டார்.

உள்ளே கட்டிலில் இருந்த தாயார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை. மறுநாள் எட்டு வயது மகன் கத்தரிக்காய்க் குழம்பைத் தள்ளி வைத்து, “இது எனக்கு ஹராம்” என்றானாம். அதைக் கேட்டபோதுதான் தகப்பனாருக்கு நெஞ்சு திக்கென்றது.

“அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்லிவிட்டேன். என் ஈமானுக்குப் பங்கம் வந்துவிட்டதா? இனி நான் களி சாப்பிடலாமா, கூடாதா?” என்பது அவருடைய கேள்வி.

பதில் சொல்லுமுன், “களியின் மேல் இவ்வளவு வெறுப்பு ஏன்?” என்று நாம் கேட்டோம். சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு சொன்னார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். காலையிலும் களி, இரவிலும் களி. படிப்பதற்காக வேறு ஊரில் தங்கியிருந்தபோது, கூடப் படித்த பிள்ளைகள் இதை அறிந்து, “களி உருண்டை” என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். “களி வாடை வந்தாலே அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது, ஹழ்ரத்” என்றார்.

வாசக அன்பர்களே! இது அவர் ஒருவருடைய கதை மட்டுமன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு ஒன்று பிடிக்காது. அதனால் மனத்தாங்கலும் வாக்குவாதமும் எழாத வீடு அரிது. ஆகவே, உணவின் மீது ஏற்படும் வெறுப்பைப் பற்றி மார்க்கம் என்ன கூறுகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

வெறுப்பது பாவமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்து கொள்ள வேண்டும். ஓர் உணவு ஒருவருக்குப் பிடிக்காமல் இருப்பது பாவமன்று. இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய வாழ்விலேயே சான்று இருக்கிறது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு நாள் பெருமானார் (ஸல்) அவர்களும், அன்னையாரின் சகோதரி மகனான காலித் பின் வலீத் (ரலி) அவர்களும் உணவுக்கு அமர்ந்திருந்தார்கள். நஜ்து நாட்டிலிருந்து அன்னையாரின் சகோதரி அனுப்பியிருந்த ‘ளப்பு’ என்னும் பிராணியின் இறைச்சி சுடப்பட்டு முன்னே வைக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். அது என்ன இறைச்சி என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக் கொண்டார்கள். “இது ஹராமா?” என்று காலித் (ரலி) அவர்கள் வினவினார்கள். ஹராம் இல்லை என்றும், தம் கூட்டத்தாரின் நாட்டில் அது இருந்ததில்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் கூறினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து வைத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹான நூல்களிலும் இந்த ஹதீஸ் இடம் பெற்றுள்ளது.

ளப்பு என்பதை உடும்பு என்று தமிழில் எழுதுவது வழக்கம். ஆனால் அரபு நாட்டுப் பாலைவனத்தில் இலை தழைகளைத் தின்று வாழும் முள்வால் பல்லியே ளப்பு. நம் காடுகளில் பிற பிராணிகளைப் பிடித்துத் தின்னும் உடும்பு அதுவன்று. மேலும், ளப்பை உண்பது ஷாபிஈ மத்ஹபில் ஆகும். ஹனபி மத்ஹபில் வேறு ஆதாரங்களைக் கொண்டு மக்ரூஹ். நம் நாட்டு உடும்பைப் பிடிப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே இந்த ஹதீஸைக் காட்டி யாரும் உடும்பு வேட்டைக்குப் புறப்பட்டு விட வேண்டாம்!

அந்த ஒரே விருந்தில் நமக்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. பிடிக்காததை விட்டுவிடலாம். ஆனால் ஹராம் என்று சொல்லக் கூடாது. தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிறர் உண்பதைத் தடுக்கவும் கூடாது.

வெறுப்பு எங்கிருந்து வருகிறது?

மேற்சொன்ன ஹதீஸில் வெறுப்பின் ஒரு காரணத்தை நாயகம் (ஸல்) அவர்களே தெரிவித்து விட்டார்கள். பிறந்து வளர்ந்த மண்ணில் இல்லாத உணவு என்பதே அது. மனிதனுடைய நாக்கு அவன் ஊரோடு சேர்ந்து வளர்கிறது. தருமபுரியில் களி உண்டு வளர்ந்தவருக்குக் கருவாட்டு வாடை ஒத்துக்கொள்வதில்லை. கடற்கரை ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்குக் களியை மெல்லாமல் விழுங்கும் முறை விளங்குவதில்லை. இதில் இரு தரப்பாரிடமும் குற்றமில்லை.

இரண்டாவது காரணம் வாடை. மதீனாவில் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கியிருந்த நாட்களில், ஒரு முறை பூண்டு சேர்த்த உணவு உண்ணப்படாமலே திரும்பி வந்தது. பதறிப்போன அபூ அய்யூப் (ரலி) அவர்கள், அது ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, அதன் வாடையால் தமக்கு விருப்பமில்லை என்றே பதில் வந்தது. இன்றைய ஆராய்ச்சியும் வாடை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்கிறது. கொத்தமல்லித் தழை சிலருக்கு மட்டும் சோப்பு போல் நாறுவதற்கு, பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடும் காரணமாகிறது என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. சுவையும் அப்படியே. 1931-இல் அமெரிக்காவில் ஆர்தர் பாக்ஸ் என்ற இரசாயன நிபுணர் கையாண்ட ஒரு தூள், அருகில் இருந்தவர் வாயில் கடுமையாகக் கசந்தது; அவருக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது என்று பின்னர் கண்டறிந்தார்கள். “நான் சாப்பிடுகிறேனே, உனக்கு மட்டும் என்ன கசப்பு?” என்று பிள்ளையை அதட்டும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு வேறு நாக்கைக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது காரணம் நோய். நாம் மத்ரஸாவில் ஓதிக் கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் கத்தரிக்காய் ஆணம் உண்ட இரவில் கடும் காய்ச்சலும் வாந்தியும் கண்டன. உடன் உண்டவர்கள் அனைவரும் நலமாகவே இருந்தார்கள். கத்தரிக்காய் மீது பழி இல்லை என்று அறிவுக்குத் தெரிந்தது, வயிறு கேட்கவில்லை. பல ஆண்டுகள் கத்தரிக்காயைக் கண்டாலே குமட்டல் வந்தது. இதற்கான விளக்கத்தைப் பிற்காலத்தில்தான் படித்தோம். 1955-இல் ஜான் கார்சியா என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் எலிகளுக்கு இனிப்பு நீரைக் கொடுத்து, கூடவே கதிர்வீச்சினால் அவற்றுக்குச் சுகவீனம் உண்டாகச் செய்தார்கள். சுகவீனத்துக்கு இனிப்பு நீர் காரணமில்லை. ஆயினும் எலிகள் அதன்பின் இனிப்பு நீரைத் தவிர்த்தன. உண்டபின் நோய் கண்டால், உடல் உணவின் மேல் சந்தேகம் கொண்டு விடுகிறது. நஞ்சிலிருந்து உயிர்களைக் காக்க அல்லாஹ் வைத்த காவல் அது. சில வேளைகளில் அந்தக் காவல், குற்றமற்ற உணவையும் பிடித்துக் கொள்கிறது. மசக்கையில் இருக்கும் பெண்கள் தாளித்த வாடைக்கே ஓடுவதும் உடலின் இயல்புதான். “வேண்டுமென்றே செய்கிறாள்” என்று மாமியார் சொல்வது அநியாயமாகும்.

பால் குடித்தால் வயிறு உப்புவோரும், இறால் உண்டால் உடல் தடிப்போரும் உண்டு. இவர்களுடைய தவிர்ப்பு வெறுப்பில் சேராது. அது மருந்தைச் சேர்ந்தது. தீங்கு தரும் என்று அறிந்த உணவை, விருந்து கொடுப்பவரின் மனம் கோணுமே என்று அவர்கள் உண்ண வேண்டியதில்லை.

நான்காவது காரணம் நினைவு. நம் சகோதரருடைய வெறுப்பு இந்த வகையைச் சேர்ந்தது. அவர் வெறுத்தது களியையன்று. களியோடு ஒட்டிக் கொண்ட அவமானத்தை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடை அரிசியில் பத்து மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். இப்படிப்பட்ட தானியத்தை ஏழையின் உணவு என்று எள்ளி நகையாடிய பிள்ளைகள் அறியாதவர்கள். ஆனால் அவர்கள் எறிந்த சொல், முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு தாயின் மீது போய் விழுந்தது.

வெறுப்புக்கு எல்லை

இயற்கையாக எழும் வெறுப்புக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர். அதை வைத்துக் கொண்டு என்ன பேசுகிறோம், என்ன செய்கிறோம் என்பதற்குத்தான் பொறுப்பாளிகள். மார்க்கம் இங்கே மூன்று எல்லைகளை வகுத்திருக்கிறது.

முதல் எல்லை, உணவைக் குறை கூறாதிருத்தல். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ‘உப்பில்லை, வேகவில்லை, இதை மனிதன் தின்பானா’ என்று தட்டின் முன்னே அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். அடுப்படியில் வியர்வை சிந்தியவரின் மனம் அதில் நோகிறது. ‘நாளைக்கு உப்பைச் சற்றுக் கூட்டிக் கொள்’ என்று பின்னர் தனியே, பரிவாகச் சொல்வது வேறு.

இரண்டாவது எல்லை, உணவைக் காரணமாக்கி மனிதர்களை இழிவாக நினைக்காதிருத்தல். சத்தியத்தை மறுப்பதும் மக்களை அற்பமாகக் கருதுவதுமே பெருமை என்று ஹதீஸில் விளக்கம் வந்திருக்கிறது. களி பிடிக்கவில்லை என்றால் குற்றமில்லை. ‘களி தின்கிறவர்கள்’ என்று ஒரு சாராரை ஏளனமாகச் சொன்னால் அது பெருமையின் வாசல். இறைச்சி உண்ணாத அண்டை வீட்டாரைக் கேலி செய்வதும் இத்தகையதே.

மூன்றாவது எல்லை, ஹலாலை ஹராமாக்காதிருத்தல். நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியரில் ஒருவரிடம் தேன் அருந்தி வந்தார்கள். அது குறித்து மற்றத் துணைவியரிடையே எழுந்த பேச்சினால், இனி அதை அருந்துவதில்லை என்று தமக்குத் தாமே விலக்கிக் கொண்டார்கள். அப்போது, அல்லாஹ் ஆகுமாக்கியதை ஏன் விலக்கிக் கொள்கிறீர் என்று கேட்டு தஹ்ரீம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றைத் தடுத்துக் கொள்ள வேண்டாம் என்று மாயிதா அத்தியாயத்தின் 87-ஆம் வசனமும் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. எது ஹலால், எது ஹராம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அல்லாஹ்வுக்கு உரியது. நம் நாக்கின் விருப்பத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாகாது.

மஸ்அலா என்ன?

இனி சகோதரரின் கேள்விக்கு வருவோம். கோபத்தில், தனக்கு வேண்டாம் என்ற கருத்தில் அவர் சொன்ன சொல்லால் ஈமான் போய்விடாது. களியும் ஹராமாகி விடாது. ஆனால் ஹனபி மத்ஹபில், ஆகுமான ஒரு பொருளை “இது எனக்கு ஹராம்” என்று சொல்வது, அதை உண்ணமாட்டேன் என்று சத்தியம் செய்வதற்குச் சமம். அதில் சிறிது உண்டாலும் சத்தியம் முறிந்து, பரிகாரமாகிய கப்பாரா கடமையாகும். ஷாபிஈ மத்ஹபில், உணவைக் குறித்து இவ்வாறு சொல்வதால் சத்தியமும் ஏற்படாது, கப்பாராவும் இல்லை. நம் சகோதரர் ஹனபி மத்ஹபைச் சேர்ந்தவர்.

சத்தியத்தைவிட மேலான ஒன்றைக் கண்டால், அந்த மேலானதைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்யுமாறு ஹதீஸில் வழி காட்டப்பட்டுள்ளது. தாயின் மனத்தை ஆற்றுவது, கோபத்தில் சொன்ன சொல்லைக் காப்பதைவிட மேலானது என்பதில் ஐயமென்ன? எனவே முதலில் ஒரு கவளம் உண்டு சத்தியத்தை முறித்து, அதன்பின் கப்பாரா கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் முறிப்பதற்கு முன் கொடுப்பது செல்லாது.

கப்பாரா என்பது பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளை வயிறார உணவளிப்பது. அல்லது அவர்களுக்கு உடை கொடுப்பது. இதற்கு வசதியில்லாதவர் தொடர்ந்து மூன்று நோன்பு நோற்க வேண்டும். இந்த உணவு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு மாயிதா அத்தியாயத்தின் 89-ஆம் வசனம் ஓர் அளவையும் காட்டுகிறது: நம் வீட்டாருக்கு நாம் அளிக்கும் உணவில் நடுத்தரமானது. வீட்டு உணவைத் தள்ளிய குற்றத்துக்கு வீட்டு உணவே அளவுகோல்!

மகன் சொன்னது சத்தியமாகாது. பருவமடையாத பிள்ளையின் சத்தியத்துக்குச் சட்டம் இல்லை. ஆனால் அவன் யாரிடம் அந்தச் சொல்லைக் கற்றான் என்பதைத் தகப்பனார் மறக்கக் கூடாது.

இங்கே சகோதரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. களியைப் பார்த்துச் சொன்ன ‘ஹராம்’ ஒரு கப்பாராவோடு நின்றது. அதே சொல்லைக் கோபத்தில் மனைவியை நோக்கிச் சொல்வோரும் உண்டு. அது நிகாஹையே அசைத்துவிடக் கூடிய சொல். அப்படி நேர்ந்துவிட்டால் மறைத்து வைக்காமல் உடனே தகுந்த ஆலிமிடம் சென்று சட்டம் கேட்க வேண்டும். சொல்லாமலே நாவைக் காப்பது எல்லாவற்றிலும் மேல்.

வீட்டில் நடந்து கொள்ளும் முறை

குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு தயங்குவது இயல்பு. அடித்துத் திணித்தால் அந்த உணவோடு அடியும் நினைவில் தங்கிவிடும். சிறிதளவு வைத்து, வற்புறுத்தாமல், பத்துப் பதினைந்து தடவை பொறுமையோடு கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பழகிவிடும். பெரியவர் விரும்பி உண்பதைப் பார்ப்பதும் பிள்ளைக்கு விருப்பத்தை உண்டாக்கும். தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் சுரைக்காயை விரும்பலானார்கள்.

விருந்துக்குச் சென்ற இடத்தில் பிடிக்காதது இருந்தால் வேறொன்றை எடுத்துக் கொண்டு பேசாமல் உண்ண வேண்டும். விருந்து அளிப்பவரும், “என் மேல் ஆணை, இதைச் சாப்பிட்டே ஆக வேண்டும்” என்று சங்கடப்படுத்தலாகாது.

மத்ஹபு வேறுபட்ட சம்பந்தங்களில் இன்னும் கவனம் தேவை. நண்டு ஷாபிஈ மத்ஹபில் பலர் உண்பது. ஹனபி மத்ஹபில் ஆகாதது. கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ பிறந்த பெண் தருமபுரிக்கு வந்தால், இது சட்ட வேறுபாடு, அருவருப்பு அன்று என்று இரு வீட்டாரும் விளங்கிக் கொள்ள வேண்டும். “சீ, நண்டு தின்கிறவர்கள்” என்று சொல்லும் உரிமையை எந்த மத்ஹபும் யாருக்கும் கொடுக்கவில்லை.

நம் சகோதரர் என்ன செய்தார்?

சில நாட்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். தாயாரின் கட்டிலருகே அமர்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு கவளம் களியை எடுத்து விழுங்கினாராம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்த கதையை அன்றுதான் முதல் முறையாகத் தாயிடம் சொன்னாராம். “இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா, ராஜா?” என்று அந்தத் தாய் அழுதிருக்கிறார். மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மகனை அருகில் அழைத்து, “அத்தா சொன்னது தப்பு. பிடிக்கவில்லை என்றால் ‘எனக்கு வேண்டாம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுத்துவிட்டார்.

“இப்போது களி பிடிக்கிறதா?” என்று கேட்டோம்.

“இல்லை, ஹழ்ரத். ஆனால் அம்மாவுக்குக் களி கிண்டும் நாளில் பானையைப் பிடித்துக் கொள்கிறேன்” என்றார்.

இதற்கு மேல் மார்க்கம் அவரிடம் எதையும் கேட்கவில்லை. பிடிக்காததைப் பிடித்தது போல் நடிக்குமாறு அது சொல்லவில்லை. பிடிக்காததை விட்டு விடுங்கள். ஆனால் அதைச் சமைத்த கையையும், விரும்பி உண்ணும் மனிதரையும், அளித்த ரப்பையும் நோகச் செய்யாதீர்கள் என்றே கற்பிக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் தட்டுகளில் பரக்கத்தையும், நம் நாவுகளில் பேணுதலையும், நம் வீடுகளில் அன்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.